கடைசிப் பக்கங்களின் பீரோ

மார்ச் 6, வியாழன். இன்று ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டேன். நீர்யானைக் கதையின் கடைசிப் பக்கத்தை நகல் எடுக்காமல் வகுப்பில் கொடுத்துவிட்டேன்.

எழுதிவிட்டு அவள் ‘சின்ன’ என்ற சொல்லை அடித்தாள். அடித்தது அதிகப்படியோ என்று தோன்றியது. மறுபடி அதை மேலே எழுதினாள். அதற்குள் கட்டிலின் மறுமுனையிலிருந்து குரல் வந்தது.

“அத்தை, எழுதினது போதும். கண்ணாடி போட்டதும் நீர்யானை முதல்ல எதப் பாத்துச்சு?”

கேட்டது அண்ணன் மகள். ஏழு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். பல் துலக்கச் சொன்னால், நேற்றுத் துலக்கிய அதே பல்தானே இன்றைக்கும் வாயில் இருக்கிறது என்று வாதாடுவாள். அண்ணன் தோற்றுப்போய் அண்ணியைக் கூப்பிடுவான். அண்ணி வந்தால் வழக்கு ஒத்திவைக்கப்படும்.

நீர்யானைக் கதை அத்தையும் வக்கீலும் கூட்டாகச் செய்தது. கண் மங்கலான ஒரு நீர்யானை மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிறது. அதற்கு முகம் பெரிது, காது சிறிது. எந்தக் கண்ணாடியும் நிற்கவில்லை. போதாததற்கு முதுகில் எப்போதும் ஓர் அரிப்பு. கடைக் கடையாக ஏறி இறங்குகிறது. கடைசியில் ஒரு பழைய லாரியின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி அதன் முகத்தில் மாட்டுகிறார்கள். லாரிக் கண்ணாடி வக்கீலின் யோசனை. “வைப்பரும் வேணும் அத்தை. அது அழுதா துடைக்கணும்ல” என்றதும் அவள்தான். ஆனால் புதன்கிழமை அத்தை அதை வாசித்துக் காட்டியபோது, கண்ணாடியை மாட்டும் நேரத்தில் வக்கீல் தூங்கிப்போனாள். மிச்சம் ஒரே ஒரு பக்கம்.

“ஒரு பறவையப் பாத்துச்சு” என்றாள் அத்தை.

“என்ன பறவை?”

“சின்னப் பறவை.”

“அது என்ன சொல்லுச்சு?”

அத்தை விட்டத்தைப் பார்த்தாள். பறவை ஏதோ சொல்லியிருந்தது. அது நல்ல வரியாகவும் இருந்தது. எழுதியபோது தானே ஒருமுறை சிரித்ததுகூட நினைவிருந்தது. வரி மட்டும் வரவில்லை.

“அது வந்து…”

“வந்துங்கற. மேல பாக்கற. இப்பதான் யோசிக்கற. எனக்கு எழுதினதுதான் வேணும். நாங்க ஞாயித்துக்கிழமை போறோம், தெரியும்ல?”

தெரியும். அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஞாயிறு காலை சாமான் லாரி. பாத்திரங்கள் ஏற்கெனவே அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. ஊருக்குப் போகும் முன் ஒரு குழந்தைக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது பூட்டிய பீரோவுக்குள் இருந்தது.

பீரோ நவீனச் சிறார் இலக்கிய அவையினுடையது.

அத்தை பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்பவளுக்குத் தன் சொந்த விஷயம் எதுவும் தெளிவாக இருந்ததில்லை. வக்கீலுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தபின், முறையாகக் கற்காமல் சொல்கிறோமே என்ற உறுத்தல் வந்தது. அவையின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்தது முதல் தினமும் குறிப்பெழுதினாள். பாதிக் குறிப்புகள் ‘புரியவில்லை, நாளை கேட்க வேண்டும்’ என்றிருந்தன. மறுநாள் கேட்டால், புரியாததற்காகப் பாராட்டு கிடைத்தது.

அவை ஒரு வங்கியின் மாடியில் இருந்தது. கூடத்தில் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள், முதுகில் வாத்துப் படம். அவற்றில் நகரின் பெரிய பெரிய நவீன எழுத்தாளர்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் அவை வெளியிட்ட புத்தகங்கள். தலைவர் எழுதிய ‘பூனை இல்லாத அறை’ ஒரு படப் புத்தகம். எல்லாப் பக்கமும் கறுப்பு. அச்சகத்தில் மை தீர்ந்துபோய்ச் சில பிரதிகள் வெள்ளையாக வந்தபோது, தலைவரின் எழுத்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிட்டதாகக் கட்டுரைகள் வந்தன. செயலாளர் அம்மாவின் ‘உறங்காமை: ஒரு தாலாட்டு’ ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பாடப்பட்டது. விடியும்வரை ஒரு குழந்தையும் கண்ணை மூடவில்லை. செவிலியர்கள் சேர்ந்து எழுதிய புகார்க் கடிதம் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது.

அவைக்குச் சில நடைமுறைகள் உண்டு. வாசிப்பின்போது சிரிப்பு வந்தவர் பால்கனிக்குப் போய்ச் சிரித்து முடித்துவிட்டு வர வேண்டும். எந்தப் பேச்சும் வாக்கியத்தின் நடுவிலேயே நிற்க வேண்டும். அதற்குச் செயலாளர் அம்மாவிடம் ஒரு மணி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கதையானாலும் அதன் கடைசிப் பக்கத்தைக் கத்திரித்து இரும்பு பீரோவில் போட்டுவிட வேண்டும். பீரோக் கதவில் அதற்கென்று ஒரு பிளவு வெட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் கதையின் பெயரோ எழுதியவர் பெயரோ இருக்கக் கூடாது, இருந்தால் அது ஆசிரியரின் அதிகாரத்தைத் திணிப்பதாகிவிடும்.

“கடைசிப் பக்கம்ங்கறது வாசகன் தலையில நாம கவிழ்க்கிற மூடி” என்று தலைவர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். “பெரியவங்க தலையில கவிழ்த்தாலாவது பொறுத்துக்கலாம். ஒரு பச்சைக் குழந்தை தலையில மூடி போடலாமா?”

போடலாம் என்று சொல்ல அந்தக் கூடத்தில் யாருக்கு மனசு வரும்?

வெள்ளிக்கிழமை மாலை அவள் வகுப்புக்கு முன்னதாகவே போய், செயலாளர் அம்மாவின் மேசை முன் நின்றாள்.

“மேடம், என் கடைசிப் பக்கம் ஒரே ஒரு நாளைக்கு வேணும். நகல் எடுத்துட்டுத் திரும்பப் போட்டுடறேன்.”

“எந்தப் பக்கம்?”

“கடைசிப் பக்கம்.”

“உங்க கதைக்குக் கடைசிப் பக்கமே இல்லையேம்மா. அதுதான அதோட அழகு. தலைவர் நேத்து அவ்வளவு பாராட்டினாரே.”

“நேத்து நான்தான் மேடம், இந்தக் கையால பீரோவுல போட்டேன்.”

“போட்டீங்க. யார் இல்லன்னா? போட்ட பிறகு அது பக்கம் இல்லம்மா, பீரோ.”

அவள் அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பழக்கதோஷம்.

தலைவர் அறையில் கூடுதல் மரியாதை கிடைத்தது. உட்காரச் சொன்னார், குட்டி நாற்காலிதான்.

“குழந்தைக்கு என்ன வயசு?”

“ஏழு, சார்.”

தலைவர் வருத்தமாகத் தலையாட்டினார். “ரொம்பச் சின்ன வயசு. நம்ம சிறார் இலக்கியத்துக்கு இன்னும் பக்குவப்படல. ஒரு நாப்பது வயசுல கொடுத்துப் பாருங்க.”

“அது இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போகுது சார்.”

“போகட்டுமே! எதையோ தெரிஞ்சுக்காமலே போகட்டும். அந்த ஏக்கம் இருக்கே, அதுதான்மா இலக்கியம். கதை புரிஞ்ச குழந்தை போய்த் தூங்கிடும். புரியாத குழந்தை முழிச்சிட்டே இருக்கும். நாங்க முப்பது வருஷத்துக்கும் மேல எவ்வளவு பேரை முழிக்க வச்சிருக்கோம்! என் புத்தகத்த இதுவரைக்கும் ஒரு குழந்தைகூடப் படிச்சு முடிச்சதில்ல. இந்தப் பெருமை வேற எந்த எழுத்தாளனுக்கு…”

மணி அடித்தது. தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கூடத்துக்கு வந்தாள். ஓரத்தில் குழந்தை உட்கார்ந்திருந்தார்.

குழந்தை என்பது ஒரு பதவி. அவையில் எப்போதும் ஒரு குழந்தை உறுப்பினர் இருக்க வேண்டும் என்று விதி. அவை தொடங்கியபோது பக்கத்து வீட்டிலிருந்து ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து நியமித்தார்கள். பதவிக்காலம் எப்போது முடியும் என்று விதியில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தப் பக்கமும் பீரோவுக்குப் போயிருக்கும். ஆகவே அவர் தொடர்ந்தார். இப்போது கனத்த மீசை, தொப்பை, காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர் வேலை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். குழந்தைக்குச் சர்க்கரை வியாதி என்பதால் கூட்டங்களில் மிட்டாய் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கதையும் வாசிக்கப்பட்ட பிறகு அவர் எழுந்து, “எனக்குப் புரியவில்லை, நன்றி” என்று சொல்ல வேண்டும். அதன்பின்தான் கதை அச்சுக்குப் போகும்.

“கண்ணாடி நழுவிட்டே இருக்கும்மா. கொஞ்சம் பாக்கறீங்களா?” என்றார் குழந்தை.

அவள் வாங்கிக் காதுப்பிடியை லேசாக வளைத்துக் கொடுத்தாள்.

“பக்கத்த கேட்டீங்களாமே. குடுத்தாங்களா?”

“இல்ல சார்.”

“குடுக்க மாட்டாங்க. நான் சேர்ந்த முதல் நாள் தலைவர் ஒரு ஆட்டுக் கதை படிச்சார். அப்ப அவருக்குத் தலையெல்லாம் கறுப்பு. ஒரு ஆட்டுக்குட்டி தெரியாத்தனமா படகுல ஏறிடுது. படகு கெளம்பிடுது. தன்னந்தனியா, நட்டாத்துல, இருட்டற நேரத்துல…”

மணி அடித்தது. குழந்தை பெருமூச்சு விட்டபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை ஆண்டு விழா. நீர்யானைக் கதை அன்றைக்கு ஏற்கப்பட்டால் அவையின் புத்தகமாக வரும். வீட்டில் அண்ணன் கயிறு கட்டிக்கொண்டே, “புத்தகம் வந்தா நமக்கு இலவசமா குடுப்பாங்களா?” என்று கேட்டான். “முதல்ல அந்தப் பக்கத்தக் குடுக்கச் சொல்லுங்க” என்றாள் அண்ணி. “உங்க பொண்ணு ரெண்டு நாளா சாப்பாட்டத் தொடல. ஊர் மாத்தறது பத்திக் கவலையில்ல, நீர்யானையப் பத்திதான் கவலை.” வக்கீல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். “பக்கம் இல்லாம வந்தா நான் லாரில ஏற மாட்டேன்” என்றாள். கெஞ்சலோ அழுகையோ இல்லை. தகவல்தான். அத்தைக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாலையில் அவையின் கூடம் நிரம்பியிருந்தது. அவள் வாசிக்க எழுந்தாள். எல்லாம் தெரிந்த இத்தனை பேர் முன்னால் நீர்யானையோடு நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் நீர்யானையின் காதை டார்ச் அடித்துத் தேடும் இடத்தில் நாவலாசிரியர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போனார். நாலாவது கடையில், “உங்களுக்கு ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் தனித்தனி பில்லுங்க” என்று சொல்லும் இடத்தில் விமர்சகர்கள் வரிசையாக எழுந்தார்கள். வைப்பர் வந்தபோது கூடத்தில் பாதிப் பேர் இல்லை. பால்கனியில் இடம் போதவில்லை. வெளியே போனவர்கள் திரும்பி வராமல் ஜன்னல் கம்பிகளில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார்கள். அவளுக்குத் தன் கதை படுதோல்வி என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது.

“…நான்கு பேர் சேர்ந்து லாரிக் கண்ணாடியைத் தூக்கினார்கள். கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். நீர்யானை மெதுவாகக் கண்ணைத் திறந்தது. திறந்ததும் அது முதன்முதலாகப் பார்த்தது…”

செயலாளர் அம்மா மணி அடித்தார். முறைப்படி மௌனம். தலைவர் கண்களை மூடி, “என்ன ஒரு வெறுமை” என்று மெச்சினார்.

குழந்தை எழுந்தார். முழங்கால் இரண்டும் சொடுக்கு விட்டன.

“எனக்கு…” என்றார். நின்றார். “எனக்குப் புரிஞ்சுது.”

யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே போட்டார்கள்.

“குழந்தை, வாக்கியத்த மறந்துட்டீங்க” என்றார் செயலாளர் அம்மா, எடுத்துக் கொடுக்கும் குரலில். “எனக்குப் புரியவில்லை…”

“இல்லம்மா, புரிஞ்சுது. நல்லாப் புரிஞ்சுது. முதல்ல எதப் பாத்துச்சு?”

“குழந்தை, உக்காருங்க” என்றார் தலைவர்.

“உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு சார். எதப் பாத்துச்சுன்னு கேட்டுட்டு உக்கார்றேன்.” மீசை துடித்தது. “அப்படியே அந்த ஆடு என்னாச்சுன்னும் சொல்லிடுங்க. ஏழு வயசுல கேட்டேன், என் பொண்ணுக்கே கல்யாண வயசு வந்துடுச்சு. இன்னைக்கும் மழை பெஞ்சா எனக்கு அந்த ஆட்டு ஞாபகம்தான் வருது. கரை சேர்ந்துச்சா, இல்லையா? அதத் தெரிஞ்சுக்கலாம்னுதான் சார் இந்த வாத்து நாற்காலில இவ்வளவு காலம் உக்காந்திருக்கேன். வேற எதுக்கு? உங்க கறுப்புப் புத்தகத்துக்கா?”

செயலாளர் அம்மா மணியை எடுத்து ஆட்டினார். குழந்தை நிறுத்தவில்லை. அவையின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒருவர் மணி அடித்த பிறகும் தன் வாக்கியத்தை முடித்திருந்தார்.

தலைவர் எழுந்து பேசினார். “கேள்வி ஞாயமானது. ஆனா அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இருக்காது. நான் எழுதினது, எனக்குத் தெரியாதா? அதுல இருக்கறது ஒரு மகத்தான சூன்யம். வேணும்னா…” மணிக்காகக் காத்திருந்தார். செயலாளர் அம்மா மணியை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தலைவரே முடித்தார். “…தெறந்து பாத்துக்கலாம்.”

சாவி தலைவரின் மேசை இழுப்பறையில் இருந்தது, பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திருகியதும் கதவு திறந்தது. காகிதங்கள் கால்வரை கொட்டின.

முதலில் யாரும் தொடவில்லை. பிறகு பால்கனியிலிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். நாவலாசிரியர் ஒன்றை எடுத்தார். விமர்சகர் ஒன்றை எடுத்தார். சற்று நேரத்தில் எல்லோரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தங்கள் பக்கத்தைத் தேடுவதாகச் சொன்னார்கள். கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெயரில்லை என்பது மட்டும் காரணமில்லை. எல்லாப் பக்கங்களும் ஒன்றுபோலவே இருந்தன. தொலைந்த பொம்மை அலமாரிக்கு அடியில் கிடைத்தது. வழி தப்பிய எறும்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சண்டை போட்ட இரண்டு மேகங்கள் பேசிக்கொண்டன. உலகத்தில் அர்த்தமென்று ஒன்று கிடையாது என்று முப்பது ஆண்டுகளாக எழுதிவந்தவர்களின் கடைசிப் பக்கங்களில், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். செயலாளர் அம்மாவின் தாலாட்டுக்கூட அதன் கடைசி அடியில் தூங்கிவிட்டிருந்தது. அவர் அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

அவளுடைய பக்கம் மேலேயே கிடந்தது, வியாழக்கிழமைதானே போட்டது. அவள் எடுத்துக்கொண்டாள்.

தலைவர் ஒரு பழுப்பேறிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தார்.

“ரொம்ப மோசமான எழுத்து” என்றார்.

“சத்தமா படிங்க சார்” என்றார் குழந்தை.

தலைவர் தொண்டையைச் செருமினார். “படகு கரையை முட்டியது. ஆட்டுக்குட்டி குதித்து இறங்கியது. கரையில் அம்மா நின்றிருந்தது. ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்டது. ‘படகு மெதுவாக வந்தது’ என்றது குட்டி. இரண்டும் வீட்டுக்குப் போயின.”

குழந்தை எட்டி அந்தத் தாளின் மறுபக்கத்தைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்பாடா” என்றார் குழந்தை. வாத்து நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். “அப்ப நான் கெளம்பறேன் சார். வீட்டுல தேடுவாங்க.” படியிறங்கும்போது அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்ததாகச் சிலர் பின்னால் சொன்னார்கள்.

செயலாளர் அம்மாவுக்குத்தான் முதலில் சுதாரிப்பு வந்தது. “விதிப்படி ஒரு குழந்தை இல்லாம அவை நடக்காது. இப்ப யாரைப் போடறது?”

பின்வரிசையில், எழுபது தாண்டிய கவிஞர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

கதை ஏற்கப்பட்டதா இல்லையா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பக்கத்தைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வக்கீல் அதே பெட்டியின் மேல் இருந்தாள். தாளை வாங்கி, எழுத்து அத்தையுடையதுதானா என்று விளக்கில் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “ம், படி.”

அத்தை படித்தாள். “முதன்முதலாகப் பார்த்தது தன் முதுகைத்தான். முதுகில் ஒரு சின்னப் பறவை உட்கார்ந்திருந்தது. ‘நீ யார்?’ என்று நீர்யானை கேட்டது. ‘என்னைத் தெரியவில்லையா? நீ பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்’ என்றது பறவை. ‘அங்கே எனக்கு அரிப்புதானே இருந்தது?’ என்றது நீர்யானை. ‘அது அரிப்பு இல்லை’ என்றது பறவை. ‘அது நான்.’ ”

வக்கீல் பெட்டியிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். “அரிப்பு இல்லையாம்! நானாம்!” என்று அடுப்படிக்கு ஓடி அண்ணியிடம் சொன்னாள். மொட்டைமாடிக்கு ஓடி அண்ணனிடம் சொன்னாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து அத்தையின் மடியில் விழுந்தாள்.

“அப்புறம்?”

“என்னடி அப்புறம்? அதான் கடைசிப் பக்கம்.”

“அது சரி. அதுக்கு அப்புறம்?”

அத்தை விட்டத்தைப் பார்த்தாள். தலைவரின் முகம் நினைவுக்கு வந்தது. “எழுதி அனுப்பறேன்” என்றாள்.

வக்கீல் யோசித்தாள். வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். நாளைக்கு அத்தை அந்த லாரியில் வரமாட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்ததுபோல் இருந்தது. அத்தையின் புடவை முந்தானையைப் பிடித்து விரலில் சுற்றினாள்.

“எல்லாத்தையும் அனுப்பிடாத. கடைசிப் பக்கத்த மட்டும் நீயே வச்சுக்க. அத நீ வந்துதான் படிக்கணும். சரியா?”

மார்ச் 8, சனி. பக்கம் கிடைத்துவிட்டது. கடைசிப் பக்கத்தைத் தனியாகக் கத்திரித்து வைப்பது பற்றி அவை சொன்னது முழுத் தவறு என்று சொல்ல முடியவில்லை. இதைத் தலைவரிடம் சொல்ல வேண்டாம். நாளை காலை லாரி. வழியனுப்பிவிட்டு வந்து, நீர்யானையும் பறவையும் மழையில் மாட்டிக்கொள்ளும் பகுதியை எழுத வேண்டும். நகல் எடுத்துத் தபாலில் சேர்க்க வேண்டும். கடைசிப் பக்கத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பேருந்துக்கு எப்போது முன்பதிவு செய்யலாம் என்று விசாரிக்க வேண்டும்.